கத்தரிக்கோலுக்கும் கூலி உண்டு

சென்ற இதழின் கடைசியில், "அரசுச் செலவைக் குறைப்பதாகச் சொல்லி நடக்கும் சண்டைகளைப் பற்றி அடுத்த முறை கேளுங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். மேசை நிறையக் கடிதங்கள். பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். கோபத்தின் அளவு மட்டும் கடிதத்துக்குக் கடிதம் மாறியிருந்தது. நான் பொருளாதார நிபுணன் இல்லை. முப்பத்தொரு ஆண்டுகள் தணிக்கைத் துறையில் பிறர் எழுதிய கணக்கைப் படித்துப் பிழைத்தவன். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் பதில் சொல்கிறேன்.

கே: அமெரிக்காவில் செலவை வெட்டச் சொல்லி அரசு அலுவலகங்களையே இழுத்து மூடிவிடுகிறார்கள். அத்தனை நாள் சம்பளமும் மின்சாரமும் மிச்சம்தானே? பார்க்க அசிங்கமாக இருந்தாலும் கஜானாவுக்கு லாபம் என்று நினைக்கிறேன். (வங்கி ஊழியர்)

ப: உங்கள் கிளையை இரண்டு வாரம் பூட்டிவிட்டு, திறந்த அன்று எல்லோருக்கும் அந்த இரண்டு வாரச் சம்பளத்தையும் முழுதாகக் கொடுத்தால், அதை லாபக் கணக்கில் எழுதுவீர்களா, நட்டக் கணக்கில் எழுதுவீர்களா? அங்கே நடப்பது அதுதான்.

ஆண்டுச் செலவுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கிடைக்காமல் அலுவலகங்கள் மூடிக்கிடப்பதை முடக்கம் என்பார்கள். 2013 அக்டோபர் 1 அன்று தொடங்கிய முடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்குப் பணம் தரக்கூடாது என்பது எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் கோரிக்கை. பதினாறு நாள் மூடினார்கள். உச்சத்தில் எட்டரை லட்சம் ஊழியர்கள் வீட்டில் இருந்தார்கள். திறந்ததும், வீட்டில் இருந்த நாள்களுக்கும் சம்பளம் உண்டு என்று நாடாளுமன்றமே சட்டம் போட்டது. பின்னர் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் கணக்குப் பார்த்தது. இழந்த வேலைநாள்கள் 66 லட்சம். செய்யாத வேலைக்குக் கொடுத்த சம்பளம் மட்டும் சுமார் 200 கோடி டாலர். தேசியப் பூங்காக்களின் நுழைவுக் கட்டணம் வராமல் போனது தனி. சரி, அந்தக் காப்பீட்டுச் சட்டம் என்ன ஆயிற்று? அதற்கான பணத்தில் பெரும்பகுதி ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் பணமே இல்லை. வேறு சட்டவழியில் தானாக வருவது. ஆகவே அலுவலகங்கள் மூடிய அதே அக்டோபர் 1 அன்று, அந்தச் சட்டத்தின்படி மக்கள் பதிவு செய்துகொள்வதற்கான சாளரம் திறந்தது. எதை நிறுத்தக் கதவை மூடினார்களோ அது ஓடியது, மற்றதெல்லாம் நின்றது.

2018 டிசம்பர் 22 அன்று தொடங்கிய முடக்கம் 35 நாள் நீடித்தது. அது வெட்டுக்கான சண்டை இல்லை. மெக்சிகோ எல்லைச் சுவருக்கு 570 கோடி டாலர் வேண்டும் என்று அதிபர் டிரம்ப் போட்ட சண்டை. எட்டு லட்சம் பேருக்குச் சம்பளம் நின்றது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சம்பளம் இல்லாமலே வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். கடைசி நாளன்று விமானக் கட்டுப்பாட்டாளர்கள் சிலர் வேலைக்கு வராததால் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்துக்கு வர வேண்டிய விமானங்களை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அன்றே சமாதானம் ஆனது. கடைசியில் சுவருக்குக் கிடைத்தது 137.5 கோடி. நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகத்தின் மதிப்பீட்டில் பொருளாதாரம் இழந்தது 1,100 கோடி. அதில் 300 கோடி திரும்பி வரவே வராது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுண்டைக்காயும் முழுதாக வந்து சேரவில்லை.

செனட்டின் துணைக்குழு ஒன்று 2013 முதல் 2019 வரையிலான மூன்று முடக்கங்களையும் கூட்டிப் பார்த்தது. பல துறைகள் முழுக் கணக்குத் தராத நிலையிலேயே ஏறக்குறைய 400 கோடி டாலர். வீணான உழைப்பு 56,940 ஆண்டுகள். அந்தக் கடைசி எண்ணை நான் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். ஒரு மனிதன் கற்காலத்திலிருந்து இன்றுவரை சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கினாற்போல் இருக்கிறது. 2025-இல் 43 நாள் மூடி, நீளத்தில் அந்த 35 நாள் சாதனையையும் முறியடித்தார்கள்.

ஒரு சின்னத் துணுக்கு: பட்ஜெட் தாமதமானால் அலுவலகத்தை மூட வேண்டும் என்ற வழக்கம் அங்கே பழையது இல்லை. 1884-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஒதுக்கீடு இல்லாமல் செலவு செய்யக்கூடாது என்றது. ஆனாலும் நூறு ஆண்டுகளாக, பணம் எப்படியும் வரும் என்று வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. 1980-இல் தலைமை அரசு வழக்கறிஞராக இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி, சட்டப்படி மூடித்தான் ஆக வேண்டும் என்று கருத்து எழுதிக் கொடுத்தார். முடக்கம் பிறந்த கதை இதுதான். அந்தக் கருத்தைப் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று யாரும் கேட்டு வாங்கவில்லை.

கே: பயமுறுத்தினால்தானே அரசாங்கம் அடங்கும்? 2011-இல் கடன் உச்சவரம்பை உயர்த்த மறுத்ததால்தான் செலவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். (பொருளியல் மாணவி)

ப: உங்கள் பேராசிரியர் சொல்வது உண்மை. அதை மறைத்தால் நான் இத்தனை ஆண்டு வாங்கிய சம்பளத்துக்குத் துரோகம். 2011 ஆகஸ்டில் வந்த அந்தச் சட்டம் ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் செலவுகளுக்கு உச்சவரம்பு போட்டது. அந்த வகைச் செலவு 2011-இல் சுமார் 1.35 லட்சம் கோடி டாலராக இருந்தது, 2015-இல் 1.17 லட்சம் கோடிக்கு இறங்கியது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்ச்செலவு குறைந்ததும் பொருளாதார ஊக்கத் திட்டம் முடிந்ததும் அந்த இறக்கத்தில் கலந்திருக்கின்றன. ஆனாலும் உச்சவரம்புக்கு அதில் பங்கு உண்டு. இது வரவுப் பக்கம்.

இப்போது அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள். கடன் உச்சவரம்பு என்பது இனிச் செய்யப்போகும் செலவைப் பற்றியது இல்லை. நாடாளுமன்றமே ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்த செலவுக்குப் பணம் புரட்ட அனுமதிப்பது. கடையில் பொருளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட பிறகு, பணம் கொடுப்பதா வேண்டாமா என்று வீட்டில் சண்டை போடுவதைப் போன்றது. சண்டை நீண்டதால், அமெரிக்க அரசு தவணை தவறிவிடுமோ என்று கடன் கொடுப்பவர்கள் கொஞ்சம் கூடுதல் வட்டி கேட்டார்கள். அந்த ஓராண்டில் மட்டும் கூடுதல் செலவு 130 கோடி டாலர் என்று அங்குள்ள தணிக்கை அமைப்பு மதிப்பிட்டது. அப்போது விற்ற பத்திரங்கள் முதிரும்வரை அந்த வட்டி ஓடும். வாஷிங்டன் ஆய்வு நிறுவனம் ஒன்று பத்தாண்டுக்குக் கணக்கிட்டு 1,890 கோடி என்றது. ஒப்பந்தம் கையெழுத்தான மூன்றே நாளில், ஆகஸ்ட் 5 அன்று, கடன் தரத்தை மதிப்பிடும் எஸ் அண்ட் பி நிறுவனம் அமெரிக்காவின் தரத்தை ஒரு படி இறக்கியது. நாடு ஏழையாகிவிட்டது என்று இறக்கவில்லை. முடிவெடுக்கும் முறை நம்பத்தக்கதாக இல்லை என்பது அவர்கள் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று.

லட்சம் கோடிகளுக்கு முன்னால் 130 கோடி சில்லறைதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. மிரட்டிப் பெற்ற வெட்டு எந்த வடிவத்தில் வந்தது என்று பாருங்கள். பற்றாக்குறையை மேலும் குறைக்க இரு கட்சிகளும் இன்னோர் ஒப்பந்தத்தை எட்டாவிட்டால் பெரும்பாலான துறைகளில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டு விழும் என்று சட்டத்தில் ஒரு பொறி வைத்தார்கள். இரு கட்சிகளாலும் தாங்க முடியாத முட்டாள்தனமாக அது இருந்தால்தான் உட்கார்ந்து பேசுவார்கள் என்பது திட்டம். பேசினார்கள், முடியவில்லை. 2013 மார்ச் 1 அன்று பொறி விழுந்தது. அந்த ஆண்டுக்கு 8,500 கோடி டாலர்.

ஏப்ரலில் விமானக் கட்டுப்பாட்டாளர்களைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பத் தொடங்கினார்கள். விமானங்கள் தாமதமாயின. ஒரு வாரம்கூட ஆகவில்லை, விமான நிலைய மேம்பாட்டுப் பணத்திலிருந்து 25 கோடி டாலருக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்ளலாம் என்று அவசர அவசரமாகச் சட்டம் போட்டு விடுப்பை நிறுத்தினார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களும் வாரக் கடைசியில் விமானம் ஏறித்தான் ஊருக்குப் போக வேண்டும் என்பதைச் சும்மா குறிப்பிடுகிறேன். ஆனால் யார் கண்ணிலும் படாத வெட்டு ஒன்று அப்படியே நின்றது. புதிய கட்டுப்பாட்டாளர்களைச் சேர்ப்பதை மார்ச் முதல் டிசம்பர் வரை நிறுத்தினார்கள். பயிற்சிக் கழகமும் மூடிக்கிடந்தது. ஒருவர் முழுத் தேர்ச்சி பெறச் சில ஆண்டுகள் ஆகும் தொழில் அது. 2013-இல் மிச்சப்பட்ட சம்பளம், பின்வந்த ஆண்டுகளில் ஆள் பற்றாக்குறையாகவும் மிகைநேரக் கூலியாகவும் திரும்பி வந்தது.

2011-இல் போட்ட அந்தச் செலவு உச்சவரம்பையும் 2013, 2015, 2018, 2019 என்று நான்கு முறை தளர்த்திவிட்டார்கள். இதை உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள். தேர்வில் வந்தாலும் வரும்.

கே: வெளிநாடுகளுக்குக் கொடுக்கும் உதவியை நிறுத்தினாலே பற்றாக்குறை தீர்ந்துவிடாதா? (வணிகர்)

ப: தீராது. 2024-இல் அமெரிக்க அரசின் செலவில் அது சுமார் ஒரு சதவீதம்தான். மொத்தச் செலவில் கால்பங்கு அதற்குத்தான் போகிறது என்று மக்கள் நினைப்பதாகக் கருத்துக் கணிப்புகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. 2024-இல் வட்டிக்கு மட்டும் 88,000 கோடி டாலர் போயிற்று. ராணுவச் செலவைவிட அதிகம். முதியோர் ஓய்வூதியம், மருத்துவம், வட்டி, ராணுவம் இந்த நான்கையும் தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டு வெட்ட உட்கார்ந்தால், கத்தரிக்கோலுக்கு அகப்படுவது ஓரத்து நூல்தான்.

கே: "இவ்வளவு கோடி வெட்டு" என்று செய்தி வருகிறது. ஆனால் அடுத்த ஆண்டுச் செலவு கூடியிருக்கிறது. யார் பொய் சொல்கிறார்கள்? (பள்ளி ஆசிரியை)

ப: பெரும்பாலும் யாரும் பொய் சொல்வதில்லை. நூறு ரூபாய்ச் செலவு அடுத்த ஆண்டு தானாக நூற்றெட்டு ஆகும் என்று ஒரு கணிப்பு வைத்திருப்பார்கள். நூற்றைந்து ஒதுக்கினால் ஒரு கட்சி "மூன்று வெட்டினோம்" என்று மார்தட்டும். எதிர்க்கட்சி "மூன்றை வெட்டிவிட்டார்கள்" என்று மாரடிக்கும். வரி கட்டுபவர் ஐந்து கூடுதலாகக் கட்டுவார். ஒரு செய்தியில் "வெட்டு" என்று பார்த்தால், எதிலிருந்து என்று கேளுங்கள். சென்ற ஆண்டுச் செலவிலிருந்தா, கற்பனைச் செலவிலிருந்தா?

கே: பராமரிப்புக்கும் கட்டுமானத்துக்கும் ஒதுக்கும் பணத்தில்தான் முதலில் கைவைக்கிறார்கள். தள்ளிப்போட்டால் மிச்சம் என்கிறார்கள். உங்கள் அனுபவம் என்ன? (ஓய்வுபெற்ற பொறியாளர்)

ப: ஐயா, என் பலவீனத்தைத் தொட்டுவிட்டீர்கள். இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்வேன்.

பணியில் சேர்ந்த புதிதில் ஓர் ஆவணக் காப்பறையைத் தணிக்கை செய்யப் போனேன். கூரையில் கையகல விரிசல் இருந்திருக்கிறது. பொறியாளர் ஒவ்வோர் ஆண்டும் பழுதுபார்க்கப் பணம் கேட்டிருக்கிறார். மூன்று ஆண்டும் கோப்பில் ஒரே சிவப்பு மைக் குறிப்பு: "அவசரமில்லை". நான்காம் ஆண்டு மழையில் கூரையின் ஒரு மூலை கீழே வந்தது. நான் போன அன்று நிலப் பதிவேடுகள் ஊறி, காய்ந்து, செங்கல்போல இறுகிக் கிடந்தன. ஓர் ஊழியர் சமையலறைக் கத்தியால் பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொண்டிருந்தார். கூரைக்கும், பதிவேடுகளை மீட்டுப் படியெடுத்ததற்கும் கடைசியில் ஆன செலவு, முதல் ஆண்டு கேட்ட தொகையைப்போல் பதினான்கு மடங்கு. இதில் என்னை உறுத்தியது வேறொன்று. சிக்கனமாக இருந்ததற்காக அந்த அலுவலகத்துக்கு இரண்டாம் ஆண்டு பாராட்டுக் கடிதம் வந்திருந்தது. அந்தக் கடிதமும் நனைந்திருந்தது.

பெரிய அளவில் இதே கதையைப் பார்க்க வேண்டுமானால் பிரிட்டனின் விமானம் தாங்கிக் கப்பல்கள் இருக்கின்றன. 2008 டிசம்பரில், உடனடிச் செலவைக் குறைப்பதற்காகக் கப்பல் கட்டும் வேகத்தைக் குறைக்க முடிவு செய்தார்கள். அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் அடுத்த ஆண்டே கணக்கை வெளியிட்டது. முதல் நான்கு ஆண்டுகளில் மிச்சம் 45 கோடி பவுண்டு. அதற்குப் பின்வரும் ஆண்டுகளில் கூடுதல் செலவு 112.4 கோடி. ஆக நிகர நட்டம் 67.4 கோடி பவுண்டு. கப்பல் தளத்தில் பளுதூக்கிகளின் வாடகை, மேற்பார்வையாளர் சம்பளம், ஏறும் விலைவாசி எல்லாம் வேலை மெதுவானால் நீளும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

மிச்சம் பிடிப்பதிலேயே மிகவும் மோசமான கணக்கு என்றால் அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரத்தைச் சொல்வேன். அங்கே சண்டைகூட நடக்கவில்லை. நகரம் கடனில் மூழ்கியதால், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் அதிகாரத்தை எடுத்து, மாநில அரசு நியமித்த நிர்வாகி கையில் கொடுத்திருந்தார்கள். 2014 ஏப்ரல் 25 அன்று, டெட்ராய்ட்டிலிருந்து வந்த நீரை நிறுத்திவிட்டு ஃப்ளின்ட் ஆற்று நீருக்கு மாறினார்கள். இரண்டு ஆண்டில் 50 லட்சம் டாலர் அளவுக்கு மிச்சம் என்பது கணக்கு. குழாய்கள் அரிக்காமல் இருக்க நீரில் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. அதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. ஈயக் குழாய்கள் கரையத் தொடங்கின. அந்த ஆண்டு அக்டோபரில், இந்த நீரில் எஞ்சின் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று அவ்வூர் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை வேறு நீருக்கு மாறிக்கொண்டது. இரும்புக்கு ஆகாத நீரைக் குழந்தைகள் மேலும் ஓராண்டு குடித்தார்கள். வழக்குகளுக்கு இழப்பீடாக ஒப்புக்கொண்ட தொகை 62.6 கோடி டாலர். குழாய்களைத் தோண்டி மாற்றிய செலவு தனி.

கே: நீங்களும் அரசுச் சம்பளம் வாங்கியவர்தானே? அதனால்தான் ஊழியர்களுக்குப் பரிந்து பேசுகிறீர்கள். ஆள்களைக் குறைக்காமல் செலவு எப்படிக் குறையும்? (சுயதொழில் செய்பவர், கடிதத்தில் இன்னும் சில சொற்கள் இருந்தன, தவிர்க்கிறேன்)

ப: முதலில் உங்கள் பக்கத்துக்கு ஒரு சாட்சி தருகிறேன். 1969-இல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் பட்ஜெட்டைக் குறைத்தார்கள். துறைத் தலைவர் ஜார்ஜ் ஹார்ட்சாக் என்ன செய்தார் தெரியுமா? வாஷிங்டன் நினைவுத் தூண் முதல் கிராண்ட் கேன்யன் வரை வாரத்தில் இரண்டு நாள் மூடிவிட்டார். சுற்றுலா வந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். பணம் திரும்பி வந்தது. அரசு அலுவலகங்களில் வெட்டு வரும்போது, மக்கள் கண்ணில் படுவதையே முதலில் பலிகொடுக்கும் இந்தத் தந்திரத்தை நானும் பார்த்திருக்கிறேன். அலுவலகத் தலைவரின் கார் ஓடும். பொதுமக்கள் கழிப்பறைக்குப் பூட்டு விழும். ஆக, ஊழியர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆள்குறைப்புக்கு வருவோம். 2025-இல் எலான் மஸ்க் தலைமையில் அமெரிக்காவில் நடந்த அரசுச் செலவுக் குறைப்பை எல்லோரும் பார்த்தோம். முதலில் சொன்ன இலக்கு 2 லட்சம் கோடி டாலர்; பிறகு அது பாதியானது. மிச்சம் பிடித்ததாக வெளியிட்ட பட்டியலில் 800 கோடி டாலர் என்று ஓர் ஒப்பந்தம் இருந்தது. செய்தியாளர்கள் போய்ப் பார்த்தால் அது 80 லட்சம் டாலர். என்னிடம் பயிற்சிக்கு வந்த இளைஞன் அப்படி எழுதியிருந்தால் அன்று வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். அணு ஆயுதங்களைப் பராமரிக்கும் அமைப்பில் ஆள்களை நீக்கிவிட்டு, சில நாள்களிலேயே அவர்களைத் தேடிப்பிடித்துத் திரும்ப அழைத்தார்கள். விலகச் சம்மதித்த ஒன்றரை லட்சம் பேருக்கு, பெரும்பாலும் அந்த நிதியாண்டு முடியும்வரை வேலை இல்லாமலே சம்பளம் போயிற்று. சம்பளப் பட்டியல் சுருங்கியது உண்மை; அதன் பலன் இனிவரும் ஆண்டுகளின் கணக்கில் ஏறும். ஆனால் அந்த நிதியாண்டின் மொத்தச் செலவு 6.8 லட்சம் கோடியிலிருந்து 7 லட்சம் கோடிக்கு உயர்ந்தே முடிந்தது. முன்னொரு பதிலில் சொன்ன ஓய்வூதியமும் மருத்துவமும் வட்டியும்தான் காரணம்.

யாரைக் குறைக்கிறோம் என்பதுதான் விஷயம். வரி வசூலிக்கும் துறையில் ஆள் குறைத்தால் சம்பளம் மிஞ்சும், வரி ஒழுகும். 2023 ஜனவரியில் அமெரிக்கக் கீழவை, வரித்துறைக்குக் கொடுத்திருந்த கூடுதல் பணத்தில் 7,100 கோடி டாலரைத் திரும்பப் பெறும் மசோதாவை நிறைவேற்றியது. நாடாளுமன்றத்தின் சொந்த பட்ஜெட் அலுவலகமே அதைக் கணக்கிட்டது. பத்தாண்டில் செலவு 7,100 கோடி குறையும். வரி வருவாய் 18,600 கோடி குறையும். பற்றாக்குறை சுமார் 11,400 கோடி கூடும். பற்றாக்குறையைக் குறைப்போம் என்று வாக்குக் கேட்டு வந்தவர்கள் கொண்டுவந்த முதல் மசோதா அது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவனாவது எலி போயிற்று என்று ஆறுதல் அடையலாம்.

கே: சண்டையால் பட்ஜெட் தாமதமானால், அதுவரை செலவு நடக்காமல் இருக்குமே, அதுவாவது மிச்சம் இல்லையா? (அலுவலக எழுத்தர்)

ப: நீங்கள் அலுவலகத்தில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்! ஆண்டுக் கடைசி வாரத்தில் உங்கள் அலுவலகத்தில் நாற்காலியும் அச்சுப்பொறியும் வந்து இறங்கியதில்லையா?

1977 முதல் இன்றுவரை அமெரிக்க நாடாளுமன்றம் எல்லா ஒதுக்கீட்டு மசோதாக்களையும் உரிய நேரத்தில் முடித்தது நான்கே ஆண்டுகளில். மற்ற ஆண்டுகளில் பழைய அளவிலேயே இடைக்கால அனுமதி. புதிய வேலை தொடங்க முடியாது, ஆள் எடுக்க முடியாது. பணம் முழுதாக வரும்போது ஆண்டில் பாதி போயிருக்கும். செலவழிக்காவிட்டால் போய்விடும், அடுத்த ஆண்டு "உனக்குத்தான் தேவைப்படவில்லையே" என்று குறைத்தும் விடுவார்கள். ஜெஃப்ரி லீப்மன், நீல் மஹோனி என்ற இரு பொருளியலாளர்கள் அங்குள்ள அரசுக் கொள்முதலை ஆராய்ந்தார்கள். நிதியாண்டின் கடைசி வாரத்தில் வாங்குவது, சாதாரண வாரத்தைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. அந்த வாரத்தில் தொடங்கிய கணினித் திட்டங்களின் தரம் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைவு.

கே: எங்குமே செலவுக் குறைப்பு வெற்றி பெறவில்லையா? (நூலகர்)

ப: பெற்றிருக்கிறது. கனடாவைச் சொல்லலாம். 1993-இல் ஆட்சிக்கு வந்தவர்களுக்கு முன்னால் சுமார் 4,200 கோடி கனடிய டாலர் பற்றாக்குறை இருந்தது. நிதியமைச்சர் பால் மார்ட்டின் 1995 பிப்ரவரியில் கொடுத்த பட்ஜெட்டுக்கு முன்பே, ஒவ்வொரு துறையும் தன் திட்டங்களை ஆறு கேள்விகளால் சோதிக்க வேண்டியிருந்தது. பொதுநலனுக்கு இது இன்னும் தேவையா? மத்திய அரசுதான் செய்ய வேண்டுமா? மாநிலங்கள் செய்யலாமா? தனியார் செய்யலாமா? செய்தே ஆக வேண்டுமென்றால் குறைந்த செலவில் முடியுமா? இவ்வளவுக்குப் பிறகும் நம்மால் தாங்க முடியுமா?

பதிலுக்கு ஏற்ப வெட்டு விழுந்தது. எல்லாத் துறைக்கும் ஒரே சதவீதம் இல்லை. போக்குவரத்துத் துறையில் பாதி காணாமல் போயிற்று. தானியங்களை ரயிலில் அனுப்ப நெடுங்காலமாகக் கொடுத்த மானியம் நின்றது. விமானப் பாதைக் கட்டுப்பாடு, லாப நோக்கமற்ற தனி நிறுவனம் ஒன்றுக்கு 150 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. சுமார் 45,000 பணியிடங்கள் போயின. 1997-98-இல் உபரி வந்தது. "கணிப்பிலிருந்து வெட்டு" என்ற வித்தை இல்லை. திட்டச் செலவு உண்மையான டாலரிலேயே குறைந்தது.

இதற்கு வலி இல்லை என்று எண்ண வேண்டாம். மாநிலங்களுக்கு மருத்துவத்துக்கும் கல்விக்கும் கொடுத்த பணமும் குறைந்தது. அந்தச் சுமை மருத்துவமனை வரிசைகளுக்கு நகர்ந்தது. அண்டை நாட்டில் பொருளாதாரம் செழித்தது, வட்டி இறங்கியது, அதிர்ஷ்டமும் இருந்தது. ஆளும் கட்சிக்குத் தெளிவான பெரும்பான்மை இருந்ததால் ஒரு நாள்கூட எந்த அலுவலகமும் மூடவில்லை. தொலைக்காட்சியில் காட்டும்படியான காட்சி எதுவும் கிடைத்திருக்காது. பலர் உட்கார்ந்து மாதக்கணக்கில் கோப்பு படித்தார்கள்.

கே: மற்றவர் கணக்கையே சொல்கிறீர்கள். முப்பத்தொரு ஆண்டில் நீங்கள் உருப்படியாக மிச்சம் பிடித்தது ஏதாவது உண்டா? (உங்கள் பழைய வாசகி)

ப: உண்டு, அம்மா. ஓர் அலுவலகத்தின் செலவுச் சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, தொலைபேசி எண்களின் எண்ணிக்கை ஊழியர் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக இருந்தது. முகவரியைப் பிடித்துக்கொண்டு போனேன். அந்தப் பிரிவு வேறு கட்டடத்துக்கு மாறி ஆறு ஆண்டு ஆகியிருந்தது. பூட்டிய அறைக்குள் தரையில் வரிசையாகப் பதினொரு தொலைபேசிகள், மேலே விரல்தடிமனுக்குத் தூசி. ஒன்றை எடுத்துக் காதில் வைத்தேன். உயிரோடு இருந்தது. மாதம் தவறாமல் பதினொன்றுக்கும் வாடகை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அரைப்பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினேன். யாரும் சண்டை போடவில்லை, எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. இணைப்புகளைத் துண்டிக்க ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாத வாடகையையும் கட்டியிருந்தார்கள். அதற்கும் ஒரு குறிப்பு எழுதினேன்.